அஞ்சுநாள் புடவு

எங்கள் ஊர்த் தமிழய்யா என் அத்தையின் சாவுக்குக் காரணமானவர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

அவர் இப்போது ஓய்வு பெற்று, எண்பதை நெருங்கி, ஊரில் பெரிய மனிதராக இருக்கிறார். அண்மையில் எங்கள் அய்யனார் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான அட்டை, நிறைய விளம்பரம், கும்பிட்டபடி நிற்கிறவர்களின் படங்கள். நடுவில் நான்கு பக்கத்துக்குத் தமிழய்யாவின் கட்டுரை. எங்கள் மலையில் இருக்கும் கல்வெட்டில் 'அஞ்சினான் புகலிடம்' என்று எழுதியிருப்பதை இப்போதுதான் வெளியூரிலிருந்து வந்தவர்கள் படித்துச் சொன்னார்கள் என்று ஊர் நினைக்கிறதாம். அது தவறாம். தாம் வேலையில் சேர்ந்த புதிதிலேயே அதைச் சரியாகப் படித்துவிட்டாராம். ஏணி போட்டு ஏறி, எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்துப் படித்தாராம்.

அவர் வேலையில் சேர்ந்தபோது நான் பிறக்கவே இல்லை.

மலரை மூடி வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை மடித்தேன். பாதியில் விட்டுவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். அதே வரி அங்கேயே இருந்தது. அஞ்சினான் புகலிடம் என்றால், பயந்து ஓடி வந்தவர் புகுந்துகொள்ளும் இடம். அவ்வளவுதான். எத்தனை நாள் என்ற கணக்கே அதில் இல்லை.

எங்கள் ஊர், அன்னவாசலிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரம். சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்க வருகிற கூட்டம் எங்கள் மலைப்பக்கம் எட்டிப் பார்க்காது. மலை என்று நாங்கள்தான் சொல்கிறோம். வெளியூர்க்காரர்கள் பாறை என்பார்கள். அதன் மேற்கு முகம் செங்குத்தாக இறங்கும். அதில் ஒரு பனை உயரத்தில் அகலமான தளம் ஒன்று உண்டு. தளத்துக்கு மேல் பாறை குடை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் மழை உள்ளே வராது. ஏறுவதற்குப் பாறையிலேயே பதினோரு குழி வெட்டியிருக்கிறார்கள். ஒரு குழியில் காலும் கையும் சேர்ந்து கொள்ளாது. ஒன்று தவறினால் கீழே சூரைமுள்ளும் கல்லும்தான். தளத்தின் தரையில் ஒன்பது படுக்கை. ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் தலையணை போலக் கல் சற்று மேடாக இருக்கும். சமணத் துறவிகள் படுத்த இடம், பிறகு மன்னர் காலத்தில் அதை அடைக்கல இடமாக்கிக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்று மலரில் போட்டிருக்கிறது.

எங்களுக்குச் சொல்லி வளர்த்த கதை வேறு. அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் பெயர் அஞ்சுநாள் புடவு. புடவு என்றால் குகை, வாய்ப்பேச்சில் பொடவு. குதிரைப்படை வந்து ஊரைச் சூறையாடிய காலத்தில் சனம் முழுவதும் அங்கே ஏறி ஒளிந்ததாம். அய்யனார் அடிவாரத்தில் நின்று காவல் காத்தாராம். ஐந்து நாள் காத்தாராம். ஆறாம் நாள் அவர் வேட்டைக்குப் போயாக வேண்டும், சாமிக்கும் வேலை இருக்கிறது அல்லவா? ஐந்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒன்பது பேர் மட்டும் பயம் போகாமல் அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். காவல் இல்லாத ஆறாம் நாள் அவர்கள் கல்லோடு கல்லாகப் போனார்கள். அந்தப் படுக்கைகள்தான் அவர்கள், தலைமாட்டு மேடுதான் அவர்கள் தலை. பத்து வயதிலும் நான் இதை அப்படியே நம்பினேன்.

கதையை ஒட்டி ஒரு வழக்கமும் இருந்தது. யார் என்ன தப்பு செய்திருந்தாலும் புடவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஐந்து நாளைக்கு எவரும் தொடக்கூடாது. கஞ்சியும் தண்ணீரும் மேலே போக வேண்டும். பெரியவர்கள் கொண்டுபோனால் அவரவர் கட்சிப் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள் என்பதால், வயசுக்கு வராத பெண்பிள்ளைதான் ஏறும். அந்தப் பிள்ளையும் மேலே வாய் திறக்கக்கூடாது. கீழே நடப்பது எதுவும் மேலே போகக்கூடாது. போனால் சாமி அன்றைக்கே காவலை விட்டுப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

இந்த வழக்கத்தால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். முன்பு ஆடு திருடிய ஒருவர் ஏறி உட்கார்ந்தாராம். ஐந்து நாள் கழித்து அவர் இறங்கி வந்தபோது ஆட்டுக்காரருக்குக் கோபம் ஆறிப்போய், ‘என்னய்யா இப்படி இளைச்சுப் போயிட்ட’ என்று கேட்டாராம். ஆட்டுக்கு அந்த ஐந்து நாள் போதுமானதாக இருந்திருக்கிறது.

என் அத்தை, அப்பாவுக்கு நேர் இளையவள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா சவுதியில் வேலை பார்த்தார். மாமாவின் தாய்மாமன்தான் தமிழய்யா. நான் ஐந்தாவது படித்த வருடம் மாமா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். அங்கே இருக்கும்போதே அவருக்கு யாரோ கடிதம் எழுதியிருந்தார்கள். உன் பெண்டாட்டி பஸ் ஸ்டாப்பில் நின்று கண்டக்டரிடம் சிரித்துப் பேசுகிறாள் என்று. அத்தை எல்லோரிடமும் சிரித்துத்தான் பேசுவாள். எருமையிடம்கூட அப்படித்தான் பேசுவாள். ஆனாலும் அது குற்றமாகிவிட்டது.

அவள் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டு முறையும் அப்பா சோறு போட்டு, சைக்கிளில் உட்கார வைத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மூன்றாவது முறை அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் தெருவைத் தாண்டி நேரே மலைக்குப் போய்விட்டாள்.

அது ஒரு வியாழக்கிழமை காலை. ஊர் முழுக்க அடிவாரத்தில் நின்றது. நானும் நின்றேன். மாமா மேலே பார்த்துக் கத்தினார்.

"எறங்குடி கீழ! ஊரக் கூட்டி என்னைய அசிங்கப்படுத்துறியா?"

மேலேயிருந்து அத்தையின் தலை மட்டும் தெரிந்தது.

"நான் எங்க கூட்டுனேன்? நீங்க கத்துற கத்துக்குத்தான் கூடியிருக்கு."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நல்லதில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். மாமா முதல் குழியில் கால் வைத்தார். ஊர்த் தலைவரான அம்பலகாரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இந்தா பாரு மாப்ள, பொடவுல ஏறியாச்சு. அஞ்சு நாளைக்கு எவனும் கை வைக்கப்படாது. நான் வச்ச சட்டம் இல்ல. கல்லுலயே இருக்கு."

கல்லில் இருக்கிறது என்று சொன்னவருக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாது. அங்கே நின்ற யாருக்கும் தெரியாது, ஒருவரைத் தவிர. சொன்ன கையோடு அம்பலகாரர் தமிழய்யாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

வயசுக்கு வராத பிள்ளை என்று என்னைத்தான் அனுப்பினார்கள். அம்மா தூக்குவாளியைத் துணியில் கட்டி என் முதுகில் முடிந்துவிட்டாள். வாயைத் திறந்தால் அத்தைக்குத்தான் ஆகாது என்று மூன்று தடவை சொன்னாள். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

மேலே ஏறியதும் அத்தை என் தலையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னடி கொண்டாந்துருக்க?"

நான் பேசவில்லை.

"ஓ, பேசப்படாதா? சரி. கஞ்சிதான? தொட்டுக்க என்ன? தொவையலா, கருவாடா? கருவாடுன்னா ஒரு தடவ கண்ண மூடித் தொற."

கண்ணை மூடித் திறந்தேன்.

"அடி ஆத்தா! ஒங்கம்மாவுக்கு எம்மேல எப்பருந்து இம்புட்டுப் பாசம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பது பேச்சில் சேருமா என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் தூக்குவாளியைக் காலுக்கு இடையில் இடுக்கி வலது கையால் மட்டும் திறந்தாள். இடது கை மடியிலேயே கிடந்தது. மணிக்கட்டுக்கு மேல் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் கையோடு பதினோரு குழியையும் அவள் எப்படி ஏறினாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கருவாட்டில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். தின்றேன்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. அவள் பேசினாள், நான் தலையை ஆட்டினேன். கீழே வேப்பமரத்தடியில் மாமா கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அவருக்கும் வீட்டிலிருந்து சோறு வந்தது. போகிற வருகிறவர்கள் அவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். ஊர் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நான் வழக்கத்தை மீறினேன். மூன்று நாள் ஆகிவிட்டதே என்ற பயம். கஞ்சியைக் கொடுத்ததும் கேட்டுவிட்டேன்.

"அத்தே, ஆறாம் நாளு நீ கல்லாப் போயிருவியா?"

அத்தை எழுந்துபோய் ஒரு படுக்கையில் நீட்டிப் படுத்தாள். தலையைக் கல்மேட்டில் வைத்து, காலை நீட்டி, அளவு பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் அசைந்தாள்.

"நீளம் சரியாத்தான் இருக்கு. கல்லானா ஆகிட்டுப் போறேன். கல்ல யாரு அடிப்பா? அடிச்சா அவன் கைதான் வலிக்கும்."

நான் கத்தி அழுதேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். ஆனால் அது விளையாட்டு இல்லை. அழுகை அடங்கும் வரை என்னை மடியில் போட்டு வைத்திருந்துவிட்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்.

"கல்லுல இருக்கு, கல்லுல இருக்குங்கிறானுக. நெசமாவே அப்படி எழுதியிருக்கா, இல்ல வாய்க்கு வந்தத சொல்றானுகளா? எழுதியிருந்துச்சுன்னா எறங்கிடுறேன். சாமி சொன்னதா இருந்துட்டுப் போகட்டும். எழுதலேன்னா இங்கனயேதான் கெடப்பேன். எவன் வந்து கூப்புட்டாலும் வர மாட்டேன். யாருகிட்டக் கேக்குறது?"

"தமிழய்யாகிட்ட" என்றேன். அவர் பெயரைச் சொன்னது நான்தான்.

"அவரு எம் புருசனுக்குத் தாய்மாமனாச்சே" என்றாள். பிறகு, "இருந்தா என்ன? எழுத்தப் படிக்கிறவரு எழுத்துல பொய் சொல்ல மாட்டாரு" என்றாள்.

தளத்தின் தெற்கு ஓரத்தில், கை எட்டும் உயரத்தில் அந்த எழுத்துகள் இருந்தன. பாசி படிந்து பாறையோடு பாறையாகக் கிடந்தன. விளிம்பில் படர்ந்திருந்த கோவைக்கொடியிலிருந்து அத்தை ஒரு கை இலையைப் பறித்து, சிலேட்டைத் துடைக்கிற மாதிரி பாறையில் அழுத்தித் தேய்த்தாள். பள்ளங்களில் பச்சை இறங்கி எழுத்து எழுந்து வந்தது. எங்கள் பாடப்புத்தகத்து எழுத்துப் போல இல்லை. டகரமும் பகரமும் மட்டும் எனக்குத் தெரிந்தன. புள்ளியே கிடையாது. மறுநாள் விடியற்காலையில் பென்சிலும் நோட்டும் கொண்டுபோய் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஒரு கோடு சாய்ந்துவிட்டால் அத்தை அழிக்கச் சொன்னாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்தைப் பார்த்து எழுதுவதில் அவள் கண்டிப்பு, பள்ளிக்கூடத்தில்கூட நான் பார்க்காதது. அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. தமிழய்யா வாசலில் ஸ்டூல் போட்டு, தூணில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மூக்குக்குக் கீழே முழுக்க நுரை. உள்ளே யாரோ வெங்காயம் உரித்தபடி பேசுவது கேட்டது. மாமாவின் அம்மா. தமிழய்யாவுக்குத் தங்கை. அண்ணன் வீட்டில்தான் அன்றைக்கு இருந்தார்.

தாளை நீட்டினேன். அவர் ஒரு கையில் பிளேடோடு மறுகையால் வாங்கினார். பார்த்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு எழுதுனது?"

"நான்தாங்கய்யா. அத்த கேட்டுட்டு வரச் சொல்லிச்சு."

"என்ன கேட்டுட்டு வரச் சொல்லிச்சு?"

"அதுல அஞ்சு நாளுன்னு போட்டுருக்கான்னு."

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பவில்லை. எந்தப் பக்கம் மேல் என்று என்னைக் கேட்கவும் இல்லை. உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, நுரை என் காதில் படுகிற மாதிரி, உதட்டை அசைக்காமல் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

அஞ்சு நாள்.

"வெளங்குச்சா?" என்றார். வேகமாகத் தலையாட்டினேன். "அத அப்படியே போயிச் சொல்லு" என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்து உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் என்னை அடிப்பீர்கள். எழுதியிருந்தால் இறங்குகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எழுதியிருக்கிறது. ஆகவே இறங்குவாள். இறங்கினால் கல்லாக மாட்டாள். அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று முழுவதும் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தேன். மாடுகளிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை ஐந்தாம் நாள். ஏறும்போது எனக்குக் குழிகளே தெரியவில்லை. வாளியை இறக்குவதற்கு முன்னாலேயே கத்தினேன்.

"எழுதியிருக்கு அத்தே! அஞ்சு நாளுதானாம்! தமிழய்யாவே படிச்சுச் சொல்லிட்டாரு!"

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "அவரே சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தான சொன்னாரு?" ஆமாம் என்றேன். "சரி" என்றாள். கஞ்சி முழுவதையும் குடித்தாள். மிச்சம் வைக்காமல் வாளியைக் கழுவிக் குடித்தாள். தலையை அவிழ்த்து, ஒரு கையால் முடிய முடியாமல், என்னை முடிந்துவிடச் சொன்னாள். நான் முடிந்த கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"நல்லாப் போட்டடி. எந் தலையில சிலேடு வச்சுக்கூட எழுதலாம்" என்றாள்.

பொழுது சாய்வதற்கு முன்னால் அவளே இறங்கினாள். யாரும் ஏறி இழுக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் அவள் நின்று, வயிற்றைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, நல்ல கையை மாற்றிப் போட்டு இறங்கினாள். கடைசிக் குழியிலிருந்து தரைக்குக் குதித்தபோது அம்பலகாரர் மாமாவிடம், "ஊரு சாட்சியா கூட்டிட்டுப் போற. கை கிய்யி வச்ச, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். மாமா தலையை ஆட்டினார். தமிழய்யா அங்கேதான் நின்றார். மழுமழுவென்ற முகத்தோடு நின்றார். அத்தை அவரைத் தாண்டும்போது நின்று, கும்பிட்டாள். படித்துச் சொன்னதற்காக அந்தக் கும்பிடு என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தை கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். அது எங்கள் கிணறு. அதில்தான் அவள் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவள் தவறி விழுந்து செத்தாள் என்பதை ஊர் கேட்டது, தலையாட்டியது, எடுத்து எரித்தது. அம்பலகாரர் மனுசனாகவே இருந்து, வயதாகித்தான் செத்தார். மாமா திரும்ப சவுதிக்குப் போனார். அப்பா அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நடந்தே போனார், நடந்தே வந்தார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் பேசிவிட்டேன், அதனால் சாமி காவலை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். தமிழய்யாவைப் பற்றி எனக்குத் துளி சந்தேகமும் வரவில்லை. ஒன்பதாவதில் அவரிடமே தமிழ் படித்தேன். கேள்வி கேட்கும்போது என் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். நான் நன்றாகப் படிப்பதால் கேட்பதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சென்ற வருடம் கல்வெட்டு படிக்கிற ஒரு பெண் இரண்டு பேரோடு வந்தார். இப்போது இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் ஏறலாம். விடுமுறைக்குப் போயிருந்த நானும் பின்னாலேயே ஏறினேன். ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, மை தடவி, உரித்து எடுத்துப் படித்தார். அஞ்சினான் புகலிடம் என்றார். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், "அஞ்சு நாள்னுதான எல்லாரும் சொல்லுவாக?" என்று கேட்டான். அந்தப் பெண் சிரித்து, "இதுல நாளே இல்லையேங்க. அஞ்சின யாரும் எத்தனை நாள் வேணாலும் இருக்கலாம்" என்றார். நான் படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலால் மயக்கம் என்று தண்ணீர் கொடுத்தார்கள்.

அப்போதும் தமிழய்யா தப்பாகப் படித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். பழைய எழுத்து, ஒரு பிள்ளை கிறுக்கிய தாள், மனிதர்தானே என்று அவருக்காக நானே வாதாடினேன். மலர் வந்த பிறகுதான் வாதம் எல்லாம் போனது. அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்று அவரே அச்சில் எழுதிவிட்டார். போனில் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னதும், "அது பழைய கதைம்மா, அதையெல்லாம் இப்ப எதுக்கு?" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் பயத்தை அஞ்சுதல் என்று சொன்னதில்லை. பயம்தான், பயந்துக்கிச்சுதான். அஞ்சு என்றால் எனக்கு எண்ணிக்கை மட்டும்தான். நாலுக்குப் பிறகு வருவது. தமிழய்யா அன்று வாய் திறக்காமல் என் காதில் சொன்னது 'அஞ்சு நாள்' இல்லாமல் 'அஞ்சினான்' என்பதாக இருந்திருந்தால், பத்து வயதில் என் காதுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? அதுவும் நான் எந்தச் சொல்லைக் கேட்கப் போனேனோ, அதையே கேட்கத் துடித்துக்கொண்டு நின்றபோது? 'அத அப்படியே போயிச் சொல்லு' என்றாரே. அப்படியே என்று ஏன் சொன்னார்? உள்ளே இருந்த தங்கைக்குக் கேட்காமல், என் அத்தைக்கு உதவி செய்யத்தான் சொன்னாரா? நான்தான் ஒரு சொல்லை வழியில் மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனா?

அப்படியே இருந்தாலும் உங்களை விடமாட்டேன், ஐயா. ஒரு சின்னப் பிள்ளையிடம் கல்வெட்டுத் தமிழில் ஏன் சொன்னீர்கள்? 'நாள் கணக்கு இல்லை, இருக்கச் சொல்' என்று நாலு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? மறுநாள் அவள் உங்கள் கண் முன்னால் இறங்கி வந்தாளே, சொன்னது தப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அப்போது தெரிந்திருக்குமே, அத்தனை பேர் மத்தியில் ஏன் கையைத் தூக்கவில்லை?

அடுத்த மாதம் மலை அடிவாரத்தில் அந்தக் கல்வெட்டுக்குப் பலகை திறக்கிறார்கள். நோட்டீஸில் சிறப்புரை என்று உங்கள் பெயர் இருக்கிறது. ஊர் முழுவதும் வரும். நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். மன்னர் கதை, சமணர் கதை எல்லாம் பிறகு சொல்லலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு என் காதில் நீங்கள் சொன்ன சொல் எது? அஞ்சு நாள் என்று சொல்லியிருந்தால் அதைச் சொல்லுங்கள். அஞ்சினான் என்று சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். என் அத்தையை இறக்கியது நான்தான் என்றால், அத்தனை பேர் முன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் வருகிறேன். மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துச் சொல்லுங்கள்.